இரண்டு கரண்டிகள்



இந்த வாரம் நான் உங்களுக்கு எழுதுவது ஒரு மதிய உணவைப் பற்றி. "போதகருக்குத் தியானிக்க வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேளுங்கள். ஆனால் இறுதிவரை வாசித்துவிட்டுக் கேளுங்கள். அந்த மேசையில் உங்களில் எட்டுப் பேர் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் ஒரு புரிட்டோக் கடைக்குச் சென்றோம். பல ஊர்களில் கிளைகள் உள்ள கடை. பெயர் இங்கே வேண்டாம். இந்த டெக்சாஸ் மாநிலத்தில் இவ்வகைக் கடைகள் பல இருக்கின்றன. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களுக்காக ஒரு விளக்கம்: கோதுமை மாவில் சப்பாத்தியைவிடப் பெரிதாக, மெல்லியதாகச் சுட்ட டொர்ட்டியாவில் சோறு, பீன்ஸ், இறைச்சி, தக்காளிச் சட்னி போன்ற சால்சா எல்லாவற்றையும் வைத்து, தலையணையைப் போலச் சுருட்டித் தருவதுதான் புரிட்டோ. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிறிய கழுதை என்று பொருள். மெக்சிகோவின் வடபகுதியில் பிறந்த எளிய உணவு அது. அதை இந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பாத்திரங்களை வரிசையாக வைத்து, "நீங்களே பாருங்கள், நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்" என்று விற்கின்றன. கண்முன்னே அளக்கிறோம் என்பதே அவற்றின் வாக்குறுதி. இந்த ஒரு வாக்குறுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் உள்ளே நுழையும்போது மணி 12:50. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் பரிமாற ஒரே ஒரு வாலிபன். பின்சுவருக்கு அப்பால் இன்னொரு பரிமாறும் மேசை இருந்தது. அங்கே மூன்று பேர் தலை நிமிராமல் காகிதப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் பணம் கட்டியவர்களுக்கான பைகள் அவை. வாசலருகே இருந்த அலமாரியில் பைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. சிலர் காரை நிறுத்திவிட்டு வந்தார்கள், பையை எடுத்தார்கள், போனார்கள். கைக்குழந்தையோடு நின்ற நம் சகோதரி முப்பத்தைந்து நிமிடம் நின்றார்.

முறை வந்தபோது சோறு ஓரத்தில் காய்ந்து நறுக்கென்றிருந்தது. கருப்பு பீன்ஸ் ஆறிப்போயிருந்தது. குவாக்கமோலே தீர்ந்துவிட்டது என்றான். கோழி இறைச்சியைப் பாத்திரத்தின் மூலையிலிருந்து சுரண்டி எடுத்தான், கரண்டி நிறைந்திருந்தது. பிறகு அவன் கை சற்றே அசைந்தது. கரண்டியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்துக்கே திரும்பி விழுந்தது. எங்கள் எட்டுப் பேருக்கும் அப்படியே. டொர்ட்டியா சுருட்டும்போதே கிழிந்தது. கல்லாவில், சாப்பாட்டை ஒரு வாய் ருசிக்கும் முன்பே, 18, 20, 25 சதவீதம் என்று ஒரு திரை எங்களிடம் அன்பளிப்புக் கேட்டது. மொத்தம் 120 டாலருக்கு மேல் ஆயிற்று.

அப்போது நம் மூப்பர்களில் ஒருவர் பொறுமை இழந்தார். அவர் எனக்கு அன்பானவர். இதை எழுதுவேன் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். "உன் மேனேஜரைக் கூப்பிடு, உனக்கு எண்ணத் தெரியாதா, அளக்கத் தெரியாதா?" என்று உரத்த குரலில் அந்த வாலிபனைக் கேட்டார். நம்மில் இன்னொருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். அந்தப் பையனின் காதுமடல் சிவந்தது. "மன்னிக்கவும் ஐயா" என்று இருமுறை சொன்னான். நான் தட்டை ஏந்தியபடி நின்றேன். மூப்பரைப் பார்த்தும் பேசவில்லை, பையனைப் பார்த்தும் பேசவில்லை. பிறகு மேசைக்கு வந்து, நானே ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன்.

அந்த ஜெபம் ஏழு நாளாக என் தொண்டையில் நிற்கிறது.

முதலாவது, என்னிடம் வந்து "பாஸ்டர், சாப்பாட்டைக் குறித்து முறுமுறுப்பது விசுவாசிக்கு அழகல்ல, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்து என்ன ஆனார்கள்?" என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பக்தி எனக்கு வேண்டாம். மன்னாவை எவரும் 14 டாலர் கொடுத்து வாங்கவில்லை. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள்: தலைக்கு ஒரு ஓமர் என்று அளவு குறிக்கப்பட்டது, அதிகம் சேர்த்தவனுக்கும் மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்கும் குறையவில்லை. தேவன் இலவசமாகக் கொடுத்த உணவிலேயே அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. விலைக்கு விற்கும் மனிதன் அதை ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாம், நாம் மட்டும் வாய் மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும் என்பது எந்த வேதத்தில் இருக்கிறது? பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகற்கள் வைத்திருப்பதை உபாகமம் 25 கண்டிக்கிறது. படியைச் சிறிதாக்கி விலையைப் பெரிதாக்கும் வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார். ஏமாற்றத்தைச் சகிப்பதற்குச் சாந்தகுணம் என்று பெயர் வைப்பதை நாம் நிறுத்த வேண்டும். குறை சொல்லத்தான் வேண்டும். யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் நாம் விழுந்துபோகிறோம்.

இது நாங்கள் போன ஒரு கடையின் சங்கதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். இவ்வகைக் கடைகளுக்கு முன்னோடி, 1993-ல் டென்வர் நகரில் தொடங்கப்பட்ட சிபோட்லே. நாங்கள் சென்றது அந்த நிறுவனத்தின் கடையன்று. ஆனால் இந்தத் தொழிலில் அளவைப் பற்றி வெளிப்படையாகப் பேச்சு எழுந்தது அங்கேதான் என்பதால் சொல்கிறேன். 2024-ல் வாடிக்கையாளர்கள் பலர் அளவு குறைந்துவிட்டதாகக் காணொளிகள் வெளியிட்டார்கள். படம் பிடித்தால் அதிகம் போடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அளவைக் குறைக்கவில்லை என்றது நிறுவனம். அப்போதைய தலைமை அதிகாரி பிரையன் நிக்கோல், கூடுதலாக வேண்டுமானால் பரிமாறுபவரை ஒரு பார்வை பார்த்தால் போதும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசினார். வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் பங்குச்சந்தை ஆய்வாளர் ஒருவர் நியூயார்க் நகரின் 8 கிளைகளில் 75 கிண்ணங்களை ஒரே மாதிரியாகக் கேட்டு வாங்கி நிறுத்துப் பார்த்தபோது, அவற்றின் எடை பெரிதும் வேறுபட்டது. அந்த ஆண்டு ஜூலையில், ஏறத்தாழ 10 சதவீதக் கடைகளில் பரிமாறும் அளவைக் குறித்து மறுபடி பயிற்சி தரவேண்டியிருக்கிறது என்று நிக்கோல் ஒப்புக்கொண்டார்.

ஒரு பார்வை பார்த்தால் போதும் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பார்க்கத் தெரிந்தவனுக்கு ஒரு கரண்டி, பார்க்கக் கூச்சப்படுகிறவனுக்கு வேறு கரண்டி. ஆங்கிலம் சரளமாக வராத நம் அம்மாக்கள் யாரை எப்படிப் பார்ப்பார்கள்? கைப்பேசியை உயர்த்துகிறவனுக்கு நிறையவும், பையில் வைத்திருக்கிறவனுக்குக் குறையவும் விழுமானால், கண்முன்னே அளக்கிறோம் என்ற வாக்குறுதி எங்கே போயிற்று? அளவு என்பது கேட்டுப் பெறும் தயவு ஆகிவிட்டது.

இனி, அந்தக் கை ஏன் அசைகிறது என்பதைக் கேளுங்கள். உணவுக் கடை நடத்துகிறவர்கள் இரண்டு செலவுகளை நாள்தோறும் கண்காணிக்கிறார்கள்: உணவுப்பொருளின் செலவு, ஆள்கூலி. வாடகையைக் கடை மேலாளர் குறைக்க முடியாது. மின்சாரத்தை அதிகம் குறைக்க முடியாது. இந்த இரண்டில்தான் அவர் கைவைக்க முடியும். இறைச்சிதான் அந்த வரிசையில் விலைகூடிய பாத்திரம். ஒரு பரிமாறலுக்கு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம், என்று விதித்திருந்தால், ஒவ்வொரு கரண்டியிலும் கால் பங்கு கூடினால் மாலையில் கணக்கு உதைக்கும். கணக்கு உதைத்தால் கேள்வி மேலாளருக்கு. மேலாளரின் கேள்வி அந்தப் பையனுக்கு. இப்படி மேலேயிருந்து இறங்கும் பயம், கடைசியில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் வந்து அசைகிறது. அவன் அந்தக் கோழித்துண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மிச்சப்பட்டதில் அவனுக்கு ஒரு காசும் இல்லை.

அந்தச் சுவருக்கு அப்பாலிருந்த மூன்று பேரும் அப்படியே. கைப்பேசியில் கட்டளையிட்டவருக்கு இத்தனை மணிக்குத் தயார் என்று திரை வாக்குக் கொடுத்துவிட்டது. தாமதமானால் அது பதிவாகும். நேரில் நிற்கிறவனின் முப்பத்தைந்து நிமிடத்தை எந்தத் திரையும் பதிவு செய்வதில்லை. ஆகவே ஆட்கள் அங்கே போகிறார்கள். ஆராதனைக்கு வந்த பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் கொடுத்த சபையை யாக்கோபு கண்டித்தாரே, அந்த இரண்டாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு கடையின் தரையில், கோடு போட்ட வரிசையில் நின்றபடி அதை நினைத்தது இதுவே முதல்முறை. (அலமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் பல வாரநாட்களில் ஒருவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கூலியைப் பாருங்கள். இந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 முதல் அது மாறவில்லை. நம் டெக்சாஸிலும் அதே அளவுதான் சட்டம். கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலிலிருந்து பெரிய துரித உணவு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு 20 டாலர் என்று விதித்திருக்கிறார்கள். ஆட்கள் எளிதில் கிடைக்காததால் பல கடைகள் இங்கேயும் சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்கின்றன. ஆனால் அந்த மணிநேரங்களாவது நிச்சயமா? அடுத்த வாரம் எத்தனை மணி வேலை என்று முன்கூட்டித் தெரியாமல் ஒரு குடும்பம் வாடகையை எப்படித் திட்டமிடும்? நியூயார்க் நகரில், வேலை அட்டவணையை முன்னறிவிப்பது, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆகியவை பற்றிய சட்டங்களின் கீழ் நகர நிர்வாகம் தொடுத்த வழக்கில், சிபோட்லே 2022-ல் ஏறத்தாழ 13,000 ஊழியர்களுக்காக 2 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. அறுவடைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதினார். நமக்கு அது கேட்கவில்லை, ஏனெனில் கடையில் பாட்டுச் சத்தம் அதிகம்.

இப்போது நம் பக்கம் வருகிறேன்.

கடந்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பின்பு, நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். கல்லூரிக்குப் போய்க்கொண்டே இப்படிப்பட்ட இன்னொரு கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவள் காதுக்கு எட்டியிருந்தது. "பாஸ்டர் அங்கிள், எங்க கடைல சண்டே லஞ்ச் ஷிஃப்டுக்கு யாருமே வர மாட்டாங்க. சர்ச் கூட்டம் வருதுன்னு சொல்லுவாங்க. நானும் சர்ச்சுக்குப் போறவன்னு அங்க யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

மறுபடி வாசியுங்கள். நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, நம் பாடற்குழுவில் நிற்கிற பிள்ளை, தான் கிறிஸ்தவள் என்பதைத் தன் வேலையிடத்தில் மறைக்கிறாள். உபத்திரவத்துக்குப் பயந்து மறைக்கவில்லை. நம்மால் வெட்கப்பட்டு மறைக்கிறாள். ஆராதனை உடையில், கக்கத்தில் வேதாகமத்தோடு வந்து விரலைச் சொடுக்குகிற நம்மைப் போன்றவர்களை அவள் வாரந்தோறும் பார்க்கிறாள். இந்நாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு: அன்பளிப்புக்குப் பதிலாக, இருபது டாலர் நோட்டைப் போலவே அச்சடித்து மடித்த சுவிசேஷக் கைப்பிரதியை மேசையில் விட்டுச் செல்வது. எடுத்துப் பிரிக்கிற ஊழியனுக்கு அதுதான் நற்செய்தியா? கள்ளநோட்டின் உருவத்திலா நாம் சத்தியத்தை அனுப்புகிறோம்? நம் அலுவலக அலமாரியிலும், யாரோ அன்போடு வாங்கித் தந்த அப்படி ஒரு கட்டு இருந்தது. வியாழக்கிழமை காலையில் குப்பைத் தொட்டியில் போட்டேன். தேடவேண்டாம்.

2023-ல் ஒஹாயோ மாநிலத்தின் பார்மா நகரில் ஒரு வாடிக்கையாளர், உணவு பிடிக்கவில்லை என்று, சூடான கிண்ணத்தைக் கடை ஊழியரின் முகத்தில் வீசினார். நீதிபதி சிறைத்தண்டனை விதித்துவிட்டு, அதில் 60 நாட்களைக் குறைத்துக்கொள்ள ஒரு வழியும் சொன்னார்: இரண்டு மாதம் ஒரு துரித உணவுக் கடையில் வேலை செய்ய வேண்டும். அந்தச் செய்தியை வாசித்து நான் அப்போது சிரித்தேன், நல்ல தீர்ப்பு என்று. கடந்த ஞாயிறு கிண்ணத்தை எவரும் வீசவில்லைதான். வார்த்தையை வீசினோம், படத்தையும் பிடித்தோம். அந்தப் படம் இன்னும் யார் கைப்பேசியிலாவது இருந்தால் இன்றைக்கே அழித்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். வேண்டுகோள் என்று எழுதினேன். கட்டளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் காசு கொடுத்துவிட்டுப் பேசாமல் வரவேண்டுமா?" என்று மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை. ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் தன் வயலுக்குத் தானே வந்தான். அறுக்கிறவர்களை வாழ்த்தினான். புதிதாக வந்தவள் யார் என்று விசாரித்தான். அவளுக்காகக் கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடும்படி வேலைக்காரருக்குச் சொன்னது அவனே. அளவை நிறையச் செய்யும் அதிகாரம் எஜமானிடம் இருந்தது, ஆகவே அங்கே கரண்டி நிறைந்து விழுந்தது. குறைக்கும் அதிகாரமும் எஜமானிடம்தான் இருக்கிறது. அவர் நம் கண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை என்பதற்காக, நிற்கிறவனை அடிக்கிறோம். எட்டாத தூரத்தில் இருக்கிற அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சோம்பல், எட்டுகிற தூரத்தில் இருக்கிற பிள்ளையைத் திட்ட மட்டும் நாவு நீளுகிறது. இதைத்தான் நான் உங்களிடத்திலும் என்னிடத்திலும் வெறுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. அதே வாலிபன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான், முகம் இறுகியது. நான் பேசாமல் நின்றதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் "பரவாயில்லை" என்றான். பிறகு, ஞாயிறன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை என்றும், காலை ஒன்பது மணியிலிருந்து தான் உட்காரவே இல்லை என்றும் சொன்னான். சோறு காய்ந்திருந்தது தனக்கும் தெரியும், புதிதாக வடிக்க ஆளில்லை என்றான். அன்றைக்கு எனக்குப் பரிமாறியபோது கை அசையவில்லை. அதுவும் எனக்குச் சங்கடமாகவே இருந்தது. பார்வைக்குக் கிடைத்த கரண்டி அது.

அன்றிரவே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நாள், நேரம், எத்தனை பேர் வரிசையில், எத்தனை பேர் சுவருக்கு அப்பால், நாங்கள் கட்டிய தொகை, எல்லாம் எழுதினேன். பரிமாறிய ஊழியர் மரியாதையோடு நடந்தார் என்றும், அவர்மேல் நடவடிக்கை எடுத்தால் என் புகாரையே தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்றும் முதல் பத்தியிலேயே எழுதினேன். மூன்று கேள்விகள் கேட்டேன்: நேரில் நிற்பவருக்கும் கைப்பேசிக்காரருக்கும் ஒரே அளவா? ஞாயிறு மதியம் அந்தக் கடைக்கு எத்தனை ஆட்களை ஒதுக்குகிறீர்கள்? கல்லாத் திரை கேட்கும் அன்பளிப்பு முழுவதும் ஊழியருக்குப் போகிறதா?

இரண்டு நாளில் பதில் வந்தது. என் கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் விடையில்லை. என் அனுபவம் தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று எழுதி, அடுத்த முறை குவாக்கமோலே இலவசம் என்று ஒரு கூப்பனை இணைத்திருந்தார்கள். அதே மூன்று கேள்விகளோடு இன்னொரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு அது முன்மண்டபத்து மேசையில் இருக்கும். அன்றைக்கு என்னோடு வந்த எட்டுப் பேரும், விரும்புகிற மற்றவர்களும் கையொப்பமிடலாம். மூப்பர் முதலில் இடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூப்பனும் அதே மேசையில்தான் இருக்கும். இந்த மாத இறுதிவரை செல்லுமாம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் போன செவ்வாய்க்கிழமையும் அங்கே குவாக்கமோலே தீர்ந்துதான் இருந்தது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்